ஸ்டாரில் கட்டிய கூடு

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா. கட்டிலில் அம்மா. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. நான். அன்பியம் என்கிற எங்கள் தெரு ஜெபக்குழுவின் தலைவி ஆன்ட்டி. அவரோடு ஜெபமாலை சொல்ல வந்த தெருப் பெண்கள் சிலர். வாசலில், கிறிஸ்துமஸ் ஸ்டாரின் ஒயரில் தொங்கிய கூட்டுக்குள் தேன்சிட்டுக் குஞ்சுகள். குஞ்சுகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, அம்மாவைத் தவிர.

பெங்களூர் அடுகோடியில் ஒற்றை அறை வீடு. அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. பேச்சு குறைவு. நானும் அப்படியே வளர்ந்தேன்.

அந்த டிசம்பரில் எனக்குத் தங்கச்சி வரப்போகிறாள் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள், கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பினாள். பள்ளியில் ஸ்போர்ட்ஸ் டேயைத் தள்ளிப்போட்டது போல இதையும் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். ஜெபம் மட்டும் சொல்லவில்லை. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்தால் ஸ்டாரைக் கழற்றிவிட வேண்டும். அந்த வருஷம் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

காலையில் வெயில் அந்தக் காகித ஸ்டாரின் ஓட்டைகள் வழியாக ஜன்னலில் நுழையும். அம்மா பார்த்துக்கொண்டிருந்த சுவரில் புள்ளி புள்ளியாக விழும். காற்று அடித்தால் எல்லாப் புள்ளியும் மெதுவாக நீந்தும். ஒருநாள் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சின்ன நிழல் குறுக்கே போனது. மறுபடி வந்தது. அம்மா இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஸ்டாருக்குக் கீழே தொங்கிய ஒயர் நுனியில் ஒரு குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என் கட்டைவிரல் அளவு இருக்கும். சிலந்தி நூல் கொண்டுவந்து சுற்றியது. காய்ந்த இலை, சாக்லேட் தாள் என்று எது கிடைத்தாலும் ஒட்டியது. ஆண்குருவி ஒரு வேலையும் செய்யாது. பக்கத்தில் உட்கார்ந்து கத்தும். வெயில் பட்டால் அதன் கழுத்து ஊதாவாகும், திரும்பினால் பச்சையாகும்.

"ஆண்டவரு எல்லா கலரையும் குழைச்சி முடிச்சிட்டு கையத் தொடைச்ச துணி மாதிரி இருக்குது பாரு," என்றாள் அம்மா. பல நாளுக்குப் பிறகு அவள் பேசியது அதுதான். அப்பா கையிலிருந்த பட்டறைத் துணியைப் பார்த்தார். கிரீஸ் கறைதான் இருந்தது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார்.

அம்மா தலையணைக்குக் கீழே ஒரு ரோஸ் கம்பளிக் குல்லா இருந்தது. பாதிதான் பின்னியிருந்தாள். அதைப் பிரித்து, நூலைத் துண்டு துண்டாக ஜன்னல் கம்பியில் வைத்தாள். குருவி எடுத்துப்போய்க் கூட்டுக்குள் திணித்தது. அப்பா ஸ்டாரின் பல்பைக் கழற்றிவிட்டு, சுவிட்ச் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். கூடு இருக்கும்வரை அம்மா இந்தப் பக்கம் பார்ப்பாள். அவருக்கு அது போதும்.

சாம்பல் புதன் வந்தது. இனி ஈஸ்டர் வரை தவக்காலம், அலங்காரம் எதுவும் கூடாது. தலைவி ஆன்ட்டி வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"இன்னா பிரதர் இது? தவக்காலத்துல ஸ்டாரா? வெள்ளிக்கிழமை உங்க வீட்லதான் ஜெபமாலை. பார்க்கிறவங்க இன்னா சொல்வாங்க?"

"குஞ்சு இருக்குது."

"அதுக்கு?"

அப்பா மேலே கூட்டைக் காட்டினார்.

சித்தப்பாதான் வழி கண்டுபிடித்தார். தவக்காலத்தில் கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள் இல்லையா? வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஊதாத் துணி வாங்கிவந்து ஸ்டாரை மூடிக் கட்டினார்.

"முடிஞ்சுதுண்ணா. இப்போ இது ஸ்டாரே இல்ல. பங்குச் சாமியாரே வந்தாலும் கும்பிட்டுத்தான் போவாரு."

ஆன்ட்டிக்கும் திருப்தி. ஜெபம் ஆரம்பித்தது. மெழுகுவர்த்தி வாசனை. பெண்களின் குரல் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. எனக்குக் கண் சொருகியது. அதற்கு நடுவே வெளியே இன்னொரு சத்தம். ட்சிட், ட்சிட், ட்சிட்.

துணி ஸ்டாரோடு நிற்கவில்லை. பாவாடை மாதிரி கீழே இறங்கிக் கூட்டின் வாயையும் மூடியிருந்தது. குருவி வாயில் பூச்சியோடு ஜன்னல் கம்பிக்கும் துணிக்கும் பறந்துகொண்டிருந்தது. உள்ளே போக வழியில்லை.

அம்மா எழுந்தாள். முட்டிபோட்டிருந்த பெண்களுக்கு நடுவே நடந்து போனாள். வாசலில் கிடந்த பிளாஸ்டிக் சேர் மேல் ஏறினாள். அப்பா ஓடிப்போய்ச் சேரைப் பிடித்துக்கொண்டார். அம்மா துணியை உருவி எடுத்தாள்.

ஜெபம் நின்றுபோனது. குருவி அவள் தலைக்கு மேலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கூட்டுக்குள் தலையை விட்டது.

ஆன்ட்டி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து, சின்னக் குரலில் கேட்டார்.

"எத்தன குஞ்சும்மா?"

"ரெண்டு."

அம்மா இறங்கி, பாயில் மற்றவர்களோடு உட்கார்ந்து, ஜெபம் நின்ற இடத்திலிருந்து ஜெபமாலை மணியை உருட்டினாள். அவள் குரலும் அவர்கள் குரலோடு சேர்ந்தது. சித்தப்பா துணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். அப்பா வெகுநேரம் வெளியிலேயே நின்றார். உள்ளே இடமில்லை என்று நினைத்தேன்.

சில நாள் கழித்துக் குஞ்சு பறந்தது. நான் பார்த்தேன். ஒன்றுதான். சித்தப்பா கூட்டைக் கழற்றினபோது உள்ளே ரோஸ் நூலுக்கு நடுவில், பொரியாத ஒரு முட்டை இருந்தது.

"ஒண்ணுதானேம்மா?" என்றேன். கணக்கில் நான் கெட்டி.

"பறந்தது ஒண்ணு," என்றாள்.

அப்பா முட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார். பெரியவனான பிறகுதான் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தில், மதிலோரம், தங்கச்சியை வைத்த இடத்தில் அதையும் புதைத்தாராம்.

இப்போது வைட்ஃபீல்டில் கம்பெனி வண்டி ஓட்டுகிறேன். சிக்னலில் எங்காவது ட்சிட் என்று கேட்டால் கண்ணாடியை இறக்குவேன். போன மாதம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வீட்டில் நான் ஒரே பிள்ளை. எத்தனை பிள்ளைங்க என்று நர்ஸ் கேட்டாள். அம்மா யோசிக்கவில்லை.

இரண்டு.