ஐஸ் வைத்த முழங்கால்

பதினான்கு வருடம் டென்னிஸ் ஆடியே சம்பாதித்தவன் நான். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் காரைக்குடியில் எனக்காக ஒரு பாராட்டுப் போட்டி வைத்தார்கள். எதிரில் ஆடியவர் நாச்சியாபுரத்துப் பள்ளி விளையாட்டு ஆசிரியர் சேவியர். சும்மா வேடிக்கைக்குத்தான் என்றார்கள்.

கடைசி செட்டில் அவர் ஐந்து, நான் இரண்டு. வேலியைப் பிடித்துக்கொண்டு அவருடைய மாணவர்கள், "சார், இன்னும் ஒரு கேம்தான்!" என்று கத்தினார்கள். அடுத்த பந்துக்கு ஓடிய நான் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். காலுக்கு ஒன்றுமில்லை. ஒரு பள்ளி வாத்தியாரிடம் தோற்கத்தான் மனசு வரவில்லை.

காயத்தால் நான் விலகியதாக நடுவர் அறிவித்தார். யாரும் கைதட்டவில்லை. ஜெயித்த சேவியரோ ஜூஸ் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கி வந்தார். தரையில் உட்கார்ந்து என் வலது முழங்காலில் வைத்தார்.

"இன்னும் வலிக்குதாண்ணே?"

"ஆமா, உயிர் போகுது" என்று நான் இடது முழங்காலைத் தடவினேன்.

அவர் கை அப்படியே நின்றது. என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஐஸை மெதுவாக இடது காலுக்கு மாற்றினார்.

"கால்ல பாரத்தப் போடாதீகண்ணே. ரெண்டு நாளைக்கு எங்குட்டும் போகாதீக" என்றார், சுற்றி நின்ற மாணவர்களுக்கும் கேட்கும்படி.

சேவியருக்கு உண்மை தெரியும். என் காயத்தால் அல்ல, ஆடித்தான் தங்கள் சார் என்னை ஜெயித்தார் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. அதைச் சொல்லிவிட வேண்டுமென்று அந்தப் பள்ளி வாசல் வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டேன்.