காற்றுத் திருகு

அன்று காலை அந்தத் திருகை நான் எந்தப் பக்கம் திருப்பினேன்? மூன்று வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியவில்லை.

என் கணவர் அப்போது அல்சூர் ஏரியில் ஒரு படகுக் குத்தகைக்காரரிடம் வேலை பார்த்தார். துடுப்புப் படகுகள் பல இருந்தன. மோட்டார் படகு ஒன்றே ஒன்று. யாராவது தண்ணீரில் விழுந்தால் ஓட வேண்டியதும் அதுதான். படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றும் சிறிய மோட்டார். அதன் தலையிலேயே பெட்ரோல் டாங்க். மழையில் கொட்டகை ஒழுகி ஒருமுறை பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டது. அதன்பிறகு தினமும் மாலையில் மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். எங்கள் ஒற்றை அறையில், தூளிக்கு நாலடி தள்ளி, ஒரு மரச்சட்டத்தில் அது நிற்கும்.

மோட்டாரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான்.

"இன்னா டீச்சரம்மா, இன்னிக்கி மோட்டார் பாடம் இல்லியா?" என்று சீண்டுவார்.

டாங்க் மூடியின் நடுவே ஒரு சின்னத் திருகு உண்டு. அது திறந்திருந்தால்தான் உள்ளே காற்றுப் போகும். காற்றுப் போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். தூக்கிச் செல்லும்போது இறுக்க வேண்டும், ஓட்டும் முன் தளர்த்த வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அவர் இறுக்கியதே இல்லை. நிமிர்த்தித்தானே தூக்கி வருகிறேன், எங்கே சிந்தப் போகிறது என்பார். அதனால் ஓட்டும் முன் அதைப் பார்க்கும் வழக்கமும் அவருக்கு இல்லை.

குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். பெட்ரோல் வாடையில் இருமினாள். அவர் சாப்பிடும் நேரத்தில் நான் திருகை இறுக்கிவிடுவேன், காலையில் தளர்த்திவிடுவேன். ஒரு வாரம் இப்படியே நடந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எங்களுக்காக மோட்டாரைத் திரும்பக் கொட்டகையில் வைத்துவிடுவார், மறுபடி தண்ணீர் இறங்கும் என்று பயந்தேன்.

அன்று குழந்தைக்குக் காய்ச்சல். திருகில் கை வைத்தது ஞாபகம் இருக்கிறது. குழந்தை வீரிட்டாள், ஓடினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார். கூப்பிட வாயெடுத்தேன். ஆனால் வேலைக்குப் புறப்பட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது; அதிலும் தண்ணீரில் பிழைப்பவரை. தளர்த்தியிருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஓடி முன்னால் போய் நின்று சொல்லியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை.

அவர் மோட்டாரைப் படகில் மாட்டிய சற்று நேரத்தில், ஆகாயத்தாமரை அரித்துக்கொண்டிருந்த ஒரு கூலியாளின் பரிசல் கவிழ்ந்தது. இவர் படகை எடுத்தார். ஒரே இழுப்பில் மோட்டார் கிளம்பியது. இரண்டு மூன்று நிமிடம் ஓடி, நடு ஏரியில் திணறி நின்றது. மறுபடி இழுத்தார், உயிர் வந்து, மறுபடி நின்றது. அதன்பின் துடுப்புப் போட்டுப் போனார். போய்ச் சேரும் முன் அந்த மனிதர் மூழ்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்தார். முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்க் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு பெட்ரோல் குழாய், சல்லடை, கார்புரேட்டர். பெட்ரோல் பாயும் ஊசித்துளையான ஜெட்டை வாயால் ஊதினார். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் கடுகளவு தண்ணீர் நின்றது. துடைத்துப் பூட்டி, மூடியைச் சும்மா மேலே வைத்து, தொட்டித் தண்ணீரில் இறக்கி ஓட்டினார். நிற்காமல் ஓடியது. மூடியை முறுக்கிப் பூட்டாததால், திருகு இறுகியிருந்தாலும் இடுக்கு வழியே காற்றுப் போயிருக்கும்.

"அந்தத் தண்ணிதான். நேத்தே கிண்ணத்தக் கழட்டிப் பாத்திருக்கணும். நான்தான் அந்தாளச் சாவடிச்சேன்" என்றார்.

மூடி என் காலடியில் கிடந்தபோதே குனிந்து பார்த்திருந்தால், திருகு இறுகியிருந்ததா என்று தெரிந்திருக்கும். குழந்தை அழுவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் குத்தகைக்காரரின் ஆள் வந்து மோட்டாரை எடுத்துப் போய்விட்டார்.

இப்போது அவர் ஒரு மில்லில் மூட்டை தூக்குகிறார். ஏரி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் பம்பு ஓடவில்லை என்று கூப்பிட்டார். "என் கை பட்டா ஆவாதுங்க, வேற ஆளப் பாருங்க" என்றார். சொல்லும்போது விரல்களை மடக்கி வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். குழந்தையின் சாவி பொம்மை நின்றுபோனாலும் என்னிடம்தான் நீட்டுகிறார்.

ஒருவேளை அந்தக் கடுகளவுத் தண்ணீரேதான் காரணமோ. அப்படியானால் நான் வாய் திறப்பது அவருக்கு இன்னொரு துக்கத்தைக் கொடுப்பதாகும். திருகு காரணமென்றால், என் தவற்றை அவர் மூன்று வருடமாகச் சுமக்கிறார்.

அவர் பத்திரிகை படிப்பவர் அல்ல. ஆனால் யாராவது படித்துச் சொல்லிவிடலாம். அதற்கு முன் நான் முடிவுசெய்தாக வேண்டும். இதைப் படிக்கும் சகோதரிகளே, எனக்கே நிச்சயமில்லாத ஒன்றை அவரிடம் சொல்லலாமா? சொல்வதென்றால் எந்த வார்த்தையில் தொடங்குவது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.