கூட்டாமல் விட்ட காலை

என் அத்தை ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். அந்தக் கட்டடத்தின் கிழக்குப் பக்கம் ஐந்து மாடிக்கும் கண்ணாடிச் சுவர்தான். எதிரே உள்ள மரங்கள் அதில் அப்படியே தெரியும். நிஜ மரம் என்று நம்பி வரும் பறவைகள் மோதி விழும்.

மாமா இறந்துவிட்டார். மகன் தூர தேசத்தில். ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடம் பேசுவான். மற்ற நாட்களில் அத்தை அதிகம் பேசியது அந்தப் பறவைகளோடுதான் என்று நினைக்கிறேன்.

உயிரோடு கிடப்பதைத் துணியால் எடுத்து, துளை போட்ட செருப்புப் பெட்டியில் வைத்து மூடுவாள். தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டாள். இருட்டும் அமைதியும் போதும். ஒரு மணி நேரம் கழித்து மரத்தடியில் திறந்துவிடுவாள்.

வாசல் காவலாளி கேலி பண்ணாமல் விடமாட்டார். "அக்கா, ஆஸ்பத்திரியில இன்னைக்கு எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான். தலையில அடி. நீ தொணதொணக்காம இருந்தா பொழைச்சுக்குவார்."

செத்ததைப் பக்கத்தில் தன் வீட்டுச் சாவியை வைத்துப் படம் எடுப்பாள். சாவியை வைத்தால் பறவையின் அளவு தெரியும். படத்தைப் பறவைக் கணக்கெடுப்புக் குழுவுக்கு அனுப்புவாள். எதுவும் விழாத நாளிலும் 'இல்லை' என்று எழுதி அனுப்ப வேண்டும். சும்மா விட்டால் அன்று யாரும் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். காய்ச்சலிலும் போய்ப் பார்த்து எழுதினாள். ஒரு வருடத்தில் நூற்றுப் பதின்மூன்று. கண்ணாடியில் புள்ளிகள் ஒட்டினால் பறவைகள் விலகிப் போகும் என்று அந்தக் குழு படங்களோடு அத்தையின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது.

மேலாளர் அத்தையைக் கூப்பிட்டார். "ஏம்மா, தினம் அந்த வழியாத்தான் வர்றேன். ஒரு இறகைக்கூடப் பாத்ததில்லையே. இதெல்லாம் எங்க எடுத்த படம்?"

அவர் வருவது எட்டேமுக்காலுக்கு. அதற்குள் ஒரு துளி ரத்தம் இல்லாமல் துடைத்துவிடுவது அவள்தானே.

"நான் ஒழுங்கா வேலை செஞ்சதுதாண்டா வினையாப் போச்சு" என்றாள் என்னிடம். அன்று சாப்பிடவில்லை.

நான்கு நாள் கழித்து ஒரு பனிமூட்டக் காலை. ஐந்து சிட்டுகள் விழுந்து கிடந்தன. உயிர் இருந்த ஒன்றைப் பெட்டியில் வைத்தாள். மற்ற நான்கையும் எடுக்காமல், சுற்றிலும் மட்டும் கூட்டினாள்.

"அக்கா, மணி எட்டரை. வேலைக்கு உலை வச்சுக்காதீங்க" என்றார் காவலாளி. அத்தை துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள்.

மேலாளர் வந்தார். "என்ன இது? இன்னைக்குக் கூட்டலையா?"

"கூட்டிட்டேன் சார். இத மட்டும் விட்டு வச்சேன். அடிக்கடி இருக்கிறதுதான். நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்."

அவர் தாண்டிப் போகக் காலைத் தூக்கினார். பிறகு கீழே வைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். அன்று மதியம் அத்தையிடம் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று வாரம் கழித்து ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு சுவர் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஒட்டினார்கள். இரண்டுக்கும் உத்தரவு போட்டது அதே மேலாளர்தான்.

அதற்குப் பிறகு ஒன்றுகூட விழவில்லை. "ஆஸ்பத்திரிய இழுத்து மூடிட்டீங்களாக்கா?" என்று காவலாளி கேட்டாராம்.

"மூடுறதுக்குத்தானே நடத்தினேன்" என்றாளாம் அத்தை.

இப்போதும் ஆறு மணிக்குப் போய்ச் சுவரோரம் நடந்து பார்த்துவிட்டு 'இல்லை' என்று அனுப்புகிறாள். செருப்புப் பெட்டி பையில் காலியாகவே போய் வருகிறது. முன்பெல்லாம் வீடு திரும்பியதும் என்னிடம் அன்றைய பறவையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நேற்று மகன் பேசினான். "என்னம்மா விசேஷம்?"

"நாப்பத்தோரு நாளா ஒண்ணுகூட விழலப்பா."

"எதும்மா விழல?"

அவனிடம் பறவைகளைப் பற்றி அவள் சொன்னதே இல்லை. முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடியில் தெரியும் மரங்கள் வரைக்கும் வந்தபோது இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது.