டாமுக்குள் விட்ட விரால்

அன்று காலை அக்காவின் தோட்டத்துக்குப் போனபோது எனக்கு முதலில் உறைத்தது அங்கே சத்தமே இல்லாததுதான். சிட்னியில் பிளாக்டவுனுக்கு அப்பால் அக்காவும் அத்தானும் குத்தகைக்கு எடுத்துக் கத்தரியும் பயற்றங்காயும் போடும் காணி அது. நடுவில் ஒரு டாம், தண்ணீர் இறைக்க வெட்டிய குளம். போன கோடையில் அதில் தவளைகள் கத்திய கத்தலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. இப்போது ஒன்றுகூட இல்லை. கரையில் போய்க் குனிந்து பார்த்தேன். தண்ணீரின் மேல் சிவப்பாக ஒரு திரள் கொதித்துக்கொண்டிருந்தது.

விரால் குஞ்சு. வன்னியில் குளக்கட்டடியில் வளர்ந்த எனக்கு அதை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை.

“அத்தான், இது எப்பிடி இஞ்ச வந்தது?”

அத்தானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “கண்டிட்டியே மச்சாள்? ஒரு சோடிதான் விட்டனான். அலங்கார மீன் வளக்கிற ஒருத்தனிட்டக் களவாய் வாங்கினது. குளிருக்குச் செத்திடும் எண்டுதான் நினைச்சன். சேத்துக்குள்ள கிடந்து தப்பிட்டுதுகள். இனி விரால் குழம்புக்குச் சிட்னிச் சனமெல்லாம் என்ர வாசலிலதான் நிக்கும், பாரன்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாட்டில் உயிர் விராலை வைத்திருப்பதே குற்றம். அது காற்றைக் குடித்து உயிர் பிடிக்கும், ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த தண்ணீருக்குப் போகும், போன இடத்தில் இருப்பதையெல்லாம் தின்று தீர்க்கும் என்று அத்தனை பயம். எங்கள் கறிச்சட்டி மீனைப் போய்ப் பேயாக்கி வைத்திருக்கிறார்களே என்று நக்கலடித்துச் சிரித்தவள் நான். அந்தக் கரையில் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

“எங்களையும் உப்பிடித்தானே சொல்லுறாங்கள், வந்தேறி எண்டு,” என்றார் அத்தான்.

“நீங்கள் தவளையை உயிரோட விழுங்குறனீங்களோ? விசர்க்கதை கதையாதேங்கோ அத்தான்!”

அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். பெருமழை வருகிறதென்று காலையிலிருந்தே ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாம் நிரம்பினால் ஒரு மூலையால் வழிந்து நேரே ஓடைக்குத்தான் போகும். ஓடைக்குள் போன விராலை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. வெளியே தெரிந்தாலோ காணி பறிபோகும், அதோடு அவர்களின் பிழைப்பும் போகும்.

“மழைக்கு முன்னம் எல்லாத்தையும் கொல்லவேணும்,” என்றாள்.

என் தூண்டிலும் ஒரு ரப்பர்த் தவளையும் எப்போதும் காரில் கிடக்கும். குஞ்சுத் திரளுக்கு நடுவே தவளையை எறிந்து இழுத்தால், காவல் நிற்கும் தாயும் தகப்பனும் பசியே இல்லாவிட்டாலும் ஆத்திரத்தில் கடிக்கும். ஊரில் அப்படித்தான் பிடிப்போம். எறிந்து இழுத்தேன். தண்ணீர் வெடித்தது. கரையில் தூக்கிப் போட்டதும் அது புல்லில் நெளிந்து மறுபடியும் தண்ணீருக்கே போகப் பார்த்தது. காலால் மிதித்தேன். வழுக்கித் துள்ளி என் முழங்காலில் அடித்தது. பம்படியில் கிடந்த சுத்தியலை எடுத்துத் தலையில் போட்டேன். சாகவில்லை. மண்டை நொறுங்கும்வரை போட்டேன். முகமெல்லாம் ரத்தம் தெறித்தது.

அதன் சோடி பயந்து ஓடவில்லை. குஞ்சுகளைச் சுற்றியே நின்றது. தவளை விழுந்ததும் பாய்ந்து கவ்வியது. அதை அடித்துக் கொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றதற்காக அல்லவா அதைக் கொல்கிறேன் என்று நெஞ்சு எரிந்தது. அந்தச் சுத்தியலை அப்படியே அத்தானின் மேல் எறியலாம் போலிருந்தது.

அக்கா கொசுவலையால் குஞ்சுகளை வாரி வாரித் தரையில் கொட்டி, சப்பாத்துக் காலால் நசித்தாள். அத்தான் குஞ்சுகள் போகாதபடி பம்பின் வாயில் துணியைக் கட்டித் தண்ணீரைப் பாத்திகளுக்கு இறைத்தார். காவல் போனதும் குஞ்சுகள் நாலா பக்கமும் சிதறின. நாங்கள் பாதிகூட வாரவில்லை, மழை கொட்டத் தொடங்கிவிட்டது. பம்ப் இறைத்ததைவிட வானம் ஊற்றியது அதிகம். வழியும் மூலைக்கு ஒரு சாண் கீழேவரை தண்ணீர் வந்து நின்றது.

அக்கா சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். மீன்வள அதிகாரிகளைத்தான் கூப்பிடப் போகிறாள் என்று அத்தானுக்கு விளங்கிவிட்டது. பாய்ந்து அவள் கையை முறுக்கினார்.

“உனக்கென்ன விசரே? காணி போயிடும்!”

அக்கா மறு கையால் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அவரை நிமிர்ந்து எதிர்த்துக்கூடப் பேசாதவள்.

“போகட்டும். அதை உழைச்சு எடுக்கலாம். அந்த ஓடையை ஆர் திருப்பித் தாறது?”

தன் பெயரையும் விலாசத்தையும் தன் வாயாலேயே சொன்னாள், விராலுக்கு இங்கே உள்ள பெயரையும் சொன்னாள். “ஸ்னேக்ஹெட். வீ புட். கம் குவிக், ப்ளீஸ்.” எத்தனை என்று மறுமுனையில் கேட்டது மழைக்குள்ளும் என் காதில் விழுந்தது. அக்கா தண்ணீரைப் பார்த்தாள். “டோன்ட் நோ,” என்றாள்.

போனை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வழியும் மூலையை அடைக்கப் போனாள். அத்தான் கன்னத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் மழைக்குள் நின்றார். பிறகு ஒரு மண்மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.