ஒன்பதாவது குழி

அவனைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் சிதம்பரத்தில் வந்து இறங்குவதற்கு முந்தின நாளே பிடிக்கவில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். மேலவீதி முனையில் எங்கள் ஃபுட்பால் டீமுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டுவார்கள். போன வருடம் அதில் நடுநாயகமாக என் முகம் இருந்தது. இந்த வருடம் காசு மிச்சம் பிடிக்க அதே பேனரில் என் முகத்தின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பையனின் முகத்தை ஒட்டி, கீழே ‘சர்வதேச நட்சத்திரம்’ என்று போட்டிருந்தார்கள். ஒட்டினவன் ஒழுங்காக ஒட்டவில்லை. என் காது ஒன்று வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

டீமை நடத்தியவர் சிதம்பரத்துக்கு வெளியே இருந்த ஒரு தனியார் காலேஜின் கரஸ்பாண்டன்ட். நான் குறிஞ்சிப்பாடிக்காரன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், அப்பாவின் உரக்கடையில் உட்காரவும் மனசில்லாமல், அவர் டீமில் லெஃப்ட் விங் ஆடிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் ஒரு அரசுத் துறையின் ஃபுட்பால் டீமுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்றும், அதன் கோச் எங்கள் டோர்னமென்ட் ஃபைனலைப் பார்க்க கடலூருக்கு வருகிறார் என்றும் தெரிந்தது. எடுத்தால் நிரந்தர வேலை. வயது வரம்பில் எனக்கு அதுதான் கடைசி வருடம். அந்த ஒரு மேட்ச் ஆடினால் போதும் என்று நான் காத்திருந்தபோதுதான் இவன் வந்தான். அவனும் லெஃப்ட் விங்.

அவனுக்கு இருபத்தொரு வயது. எட்டு வயதில் இங்கிலாந்தில் ஒரு கிளப் சேர்த்துக்கொண்டு, பத்து வருடம் பழக்கிவிட்டு, பதினெட்டில் ‘நீ வேண்டாம்’ என்று அனுப்பிவிட்டதாம். அப்புறம் ஏதோ குளிர் தேசத்தில் இரண்டாம் டிவிஷனில் ஒரு சீசன், ஏதோ தீவில் அரை சீசன். ஏஜென்ட் ஒருவன் சென்னை கிளப் ஒன்றுக்கு அனுப்பி வைத்திருக்கிறான். அங்கே பேப்பர் சிக்கல். பேப்பர் சரியாகும்வரை கால் துருப்பிடிக்காமல் இருக்க எங்காவது ஆடட்டும் என்று விட்டதில், எங்கள் கரஸ்பாண்டன்ட் கொத்திக்கொண்டு வந்துவிட்டார். உலகம் முழுக்க இடம் இருக்கிறது, இவனுக்கு என் இடம்தான் கிடைத்ததா என்று எனக்கு வயிறு எரிந்தது.

இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பாவத்துக்கு, அவனைப் பைக்கில் ஏற்றி இறக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. “தம்பி, நீதான் அவனப் பாத்துக்கணும். வெளியூர்ப் புள்ள,” என்றார் கரஸ்பாண்டன்ட். நானும் வெளியூர்ப் பிள்ளைதான். தினமும் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து போகிறவன். அதை யாரும் யோசிக்கவில்லை.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பாவி, நல்லவனாக இருந்தான். பிராக்டிஸ் முடிந்ததும் கூம்புகளைத் தானே பொறுக்கி அடுக்குவான். பூட்ஸைத் தானே கழுவுவான். மெஸ்ஸில் சாம்பாரை மூக்கில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்பான். மெஸ்காரம்மா அவனுக்கு மட்டும் இரண்டு முட்டை வைப்பார். நான் எத்தனை வருடமாக அந்த மெஸ்ஸில் சாப்பிடுகிறேன், ஒரு நாள் ஒரு பாதி முட்டை கூடுதலாகப் பார்த்தது கிடையாது. யாரோ சொல்லிக்கொடுத்து என்னை ‘மச்சான்’ என்று வேறு கூப்பிட ஆரம்பித்தான். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். சபைக்கு ஏறும்முன் சட்டையைக் கழற்று என்றேன், கழற்றினான். நடராஜரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்து, “ஊன்றியிருப்பது வலது கால், தூக்கியிருப்பது இடது. நம்மை மாதிரி லெஃப்ட் ஃபுட்,” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடது காலால் ஆடுகிறவன் என்பதால் சின்ன வயதிலிருந்தே அந்தச் சன்னதியில் நின்று நான் நினைத்துக்கொள்வது அது. யாரிடமும் சொன்னதில்லை. இவன் வந்த பத்தாம் நாளில் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டான். பைக்கை ஸ்டார்ட் செய்தேன்.

டோர்னமென்ட் ஆட்டங்கள் காலேஜ் கிரவுண்டில் நடந்தன. அவன் ஆடினான், நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். நன்றாக ஆடினான் என்று எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. நன்றாகத்தான் ஆடினான். ஃபைனல் மட்டும் கடலூரில், மஞ்சக்குப்பம் மைதானத்தில்.

அந்த மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே ஃபுட்பால் மட்டும் நடப்பதில்லை. பொருட்காட்சி நடக்கும், கட்சிக் கூட்டம் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் பந்தல்கால் நடுவார்கள். முடிந்ததும் காலைப் பிடுங்கிவிட்டுக் குழியில் மணலை அள்ளிப் போட்டு மேலே தேய்த்துவிட்டுப் போவார்கள். பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். ஓடி வந்து ஊன்றினால் கால் முழங்கால் வரை உள்ளே போகும். அதனால் மேட்ச் அன்று காலையில் நாங்கள் குழி பார்க்கப் போவோம். குதிகாலால் தட்டித் தட்டி நடந்து, எங்கே மண் இளகுகிறது என்று கண்டு வைத்துக்கொள்வோம். புதிதாக ஒருவன் ஆட வந்தால், எந்தப் பக்கம் ஆடுகிறானோ அந்தப் பக்கத்துப் பழைய ஆள்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். இது எங்களுக்குள் இருந்த எழுதாத சட்டம். எதிர் டீம்காரன் கேட்டால்கூடக் காட்டிவிடுவோம். இடது பக்கத்துக்கு நான்.

காலை ஏழு மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தான். சின்ன வயதில் கிளப்பில் பழக்கினார்களாம், எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்வான். ஒரு தாளில் கோடு போட்டு மைதானம் வரைந்து, நான் காட்டக் காட்ட ஒவ்வொரு குழிக்கும் ஒரு வட்டம் போட்டு நம்பர் கொடுத்துக்கொண்டே வந்தான். எட்டுக் குழி காட்டினேன்.

ஒன்பதாவது, ரோட்டுப் பக்கத்து கார்னர் கொடிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. போன மாதப் பொருட்காட்சியின் முகப்பு வளைவுக்கு நட்ட கால் அது, மற்றதைவிட ஆழம் ஜாஸ்தி. விங்கில் ஓடி வருகிறவன் கிராஸ் அடிக்க ஊன்றுகிற இடம். அது எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே வந்ததும் நான் போய் அதன் மேலேயே நின்றுகொண்டேன். உடம்புப் பாரத்தை வெளியே இருந்த காலில் வைத்து, குழிமேல் இருந்த காலைச் சும்மா வைத்துக்கொண்டு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவனிடம் பிரியமாகப் பேசினேன். உங்கள் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறார் என்றான். “அவ்வளவுதானா, இந்தப் பக்கம் முடிந்ததா?” என்று கேட்டான். முடிந்தது என்றேன். தாளை மடித்து, சாயங்காலம் காலுறைக்குள் வைத்துக்கொள்வேன் என்றான்.

திரும்பி வரும்போது கோல்கீப்பர் கேட்டான். “மச்சான், அந்த ஆர்ச் குழிய காட்டுனியா?”

“காட்டுனேன்டா.”

“இன்னாடா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“வெயிலு.” அப்போது மணி ஏழரைகூட ஆகவில்லை.

சாயங்காலம் மேட்ச். துறை டீமின் கோச் முன்வரிசையில், தோளில் போட்ட பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். முதல் பாதியில் எங்கள் டீம் ரோட்டுப் பக்க கோலை நோக்கி ஆடியது. நான் பெஞ்சிலிருந்து பந்தைப் பார்க்கவில்லை, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை அருகில் வந்து திரும்பினான். மூன்றாவது தடவை ஒருவனை ஏமாற்றி வெட்டிக்கொண்டு ஓடி வந்து, வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கினான். ஊன்றிய கால் உள்ளே போனது. உடம்பு ஒரு பக்கம் திரும்ப, முட்டி இன்னொரு பக்கம் திரும்பியது. அவன் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

எனக்கு அப்போது பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். உள்ளே இறங்கப்போகிறோம் என்று நெஞ்சு துள்ளியது. அதுதான் நிஜம்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தபோது நான் சட்டையை மாற்றிக்கொண்டு லைனில் நின்றிருந்தேன். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கையை நீட்டி என்னைக் கூப்பிட்டான். காலுறைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தான். மண் அப்பியிருந்த கட்டை விரலை, கார்னர் கொடிக்குப் பக்கத்தில் அழுத்தி ஒரு அடையாளம் வைத்தான். “இதை நாம் இரண்டு பேரும் கவனிக்காமல் விட்டுவிட்டோம். நீ ஜாக்கிரதையாக ஆடு, மச்சான்,” என்று என் கையில் திணித்தான்.

அந்தத் தாளைக் காலுறையில் வைத்துக்கொண்டுதான் ஆடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை. ஒரு கோல் போட்டேன். மேட்ச் முடிந்ததும் கோல்கீப்பர் கிட்டே வந்து, “நெஜமாவே காட்டுனியா?” என்று மறுபடி கேட்டான். சுற்றிலும் ஆட்கள். கரஸ்பாண்டன்ட் பக்கத்தில் நின்றார். “காட்டுனேன்டா. அவன்தான் மறந்துட்டான்,” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

மறுநாள் காலை, சிதம்பரத்தில் கீழவீதியில் அவன் தங்கியிருந்த மாடி அறைக்கு கரஸ்பாண்டன்ட் துறை கோச்சையும் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் போக வேண்டியிருந்தது. அவனைச் சென்னைக்குக் கொண்டுபோக வண்டி கீழே நின்றது. முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷனுக்கு ஊருக்கே போகிறான், கிளப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று ராத்திரி ஸ்கேன் எடுத்தபோதே தெரிந்திருந்தது. கோச் அவன் காலைப் பார்த்துவிட்டு, “கிரவுண்ட் தெரியாத பையனுக்கு யாரு சார் குழி காட்டுனது?” என்று கேட்டார். கரஸ்பாண்டன்ட் என் தோளில் கை போட்டு, “இவன்தான் சார். தெளிவா காட்டிருக்கான். பையன்தான் மறந்துட்டானாம்,” என்றார்.

கோச் என்னைப் பார்த்தார். “எனக்கு ஆட்டம் அப்புறம்தான். கூட ஆடுறவன நம்பி எறங்கலாமான்னுதான் மொதல்ல பாப்பேன்,” என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பி, இவன் அந்தக் குழியைக் காட்டினானா என்று ஆங்கிலத்தில் நேராகவே கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். அதற்குள் அவனுக்கு என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. நேற்று ‘நாம் இரண்டு பேரும்’ என்று சொன்னபோது இருந்த முகம் இப்போது இல்லை. “அந்தத் தாள் உன்னிடம் இருக்கிறதா?” என்று கேட்டான்.

தாள் என் பேன்ட் பையில் இருந்தது. விரலில் பட்டுக்கொண்டிருந்தது. எட்டு வட்டம், எட்டு நம்பர், நம்பர் இல்லாத ஒரு மண் கறை. எடுத்து நீட்டினால் எல்லாம் முடிந்தது. “இல்லை. துணியோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன்,” என்றேன்.

“நல்லது,” என்றான். கோச்சைப் பார்த்து, “ஆமாம் சார், காட்டினான். என் தப்புதான்,” என்றான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வண்டியில் ஏற்றும்போது மற்ற எல்லாருக்கும் கை கொடுத்தான். என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை.

வேலை கிடைத்தது. மஞ்சக்குப்பத்திலேயே ஆபீஸ். என் ஜன்னலிலிருந்து மைதானம் தெரியும். பந்தல்கால் நடும்போது கடப்பாரைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அவன் அப்புறம் எங்கேயும் ஆடவில்லை என்று கேள்விப்பட்டேன். தாள் என் மேஜை டிராயரில் இருக்கிறது. கிழித்துப் போட எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு இந்த வேலை போயிருக்கும். ஆனால் அவனை வெறுக்க எனக்கு ஒரு நியாயமாவது மிஞ்சியிருக்கும். அதையும் அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.