கீறும்போது கதைக்காத வாத்தியார்

ஒஸ்லோவில் நான் ஏறும் பேருந்து ஒவ்வொரு தரிப்பின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லும். வண்டியில் நான் ஒருவன் மட்டும் இருந்தாலும் சொல்லும். வந்த புதிதில், இது யாருக்காக என்று சுற்றிப் பார்த்திருக்கிறேன். சாரதிக்குப் பேச்சுத் துணையாக்கும் என்று மனைவியிடம் பகிடியும் விட்டேன்.

சனிக்கிழமைகளில் காலைக் கோப்பியோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, ஊரில் நீர்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சைக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே அப்போது பின்னேரம். ஒரு காலத்தில் சுன்னாகத்து ரியூட்டரியில் படிப்பித்தவன் நான். பலகையில் படம் கீறும்போது வகுப்பு மூச்சுக் காட்டாது, நானும் பேசமாட்டேன். கீறி முடித்துத் திரும்பி, "விளங்குதோ?" என்பேன். "ஓம் சேர்" என்று ஒரே குரலில் வரும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, இணையத்திலும் அப்படியே நடந்தது. அந்த "ஓம்"களில் ஒன்று வாசுகியுடையது. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

ஒருநாள் அவளுடைய தாய் அழைத்தார்.

"பிள்ளை கணக்கை விடப்போறாவாம் சேர். தன்னாலை மற்றப் பிள்ளையளுக்கு நேரம் மினக்கெடக் கூடாதாம்."

கணிதத்தை விட்டால் அவள் ஆசைப்படும் உயர்தரப் படிப்புக்கே வழி அடைபடும். வகுப்பில் பிள்ளைக்கு என்ன குறை என்று தாயைக் கேட்டேன். பள்ளி ஆசிரியரைக் கேட்டேன். கடைசியில் இங்கே என்னோடு வேலை செய்யும் நோர்வேக்காரி இங்ரிட்டையும் கேட்டேன். "அவளைக் கேளுங்கள்" என்றாள், அவ்வளவுதான். உதவ மனமில்லாமல் தட்டிக் கழிக்கிறாள் என்று நினைத்து முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளையின் காரியத்தைப் பெரியவர்களிடம் விசாரிப்பதுதானே எங்கள் ஊர் மரியாதை? அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மரியாதை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வாசுகியைக் கேட்டேன். அவள் சொன்னாள்.

"நீங்கள் கீறேக்கை கதைக்கிறேல்லை, சேர். பள்ளிக்கூடத்திலை எண்டால் பலகையிலை வெண்கட்டிச் சத்தம் கேக்கும். கோடு நீளமோ கட்டையோ எண்டு தெரியும். வட்டம் எண்டால் ஒரே இழுவை. உங்கடை பேனையிலை ஒண்டும் கேக்காது."

திரையில் கீறும் பேனைக்குச் சத்தமில்லை என்பதை நான் ஒருபோதும் யோசித்ததில்லை. இப்போது அந்தப் பேருந்தைப் போல வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே கீறுகிறேன்: நடுவிலிருந்து நேரே மேலே போகிறேன், விளிம்பில் நிற்கிறேன், வலப்பக்கம் சரிகிறேன். டேட்டா போதாமல் குரலை மட்டும் கேட்கிற பெடியன்களும் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். "ஓம் சேர்" குறைந்துவிட்டது. எனக்கு அது பெரிய சந்தோஷம். வாசுகி கணக்கை விடவில்லை.

போன கிழமை வகுப்பு முடிந்தும் அவள் போகவில்லை.

"உங்கை யன்னலுக்கு வெளியிலை என்ன இருக்கு சேர்? கீறேக்கை சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோவன்."

உற்சாகமாகத் தொடங்கினேன். பனி, ஆனையிறவு உப்புப் போல, மிதித்தால் நறநறக்கும். குளிர், மார்கழியில் விடியக் கிணற்றடியில் ஈரத்தோடு நிற்பதுபோல, அதைவிடப் பல மடங்கு. பக்கத்து வீட்டு மரவேலி, பனைமட்டை போலச் சொரசொரப்பு.

அவள் சிரித்தாள்.

"உதெல்லாம் இஞ்சத்தைச் சாமானெல்லோ சேர். உங்கத்தைச் சாமானைச் சொல்லுங்கோ."

யன்னலைப் பார்த்தேன். இத்தனை வருடமாகப் பார்க்கிற அதே தெரு. வாயைத் திறந்தேன், திரும்பவும் ஊர்ச் சாமானே வந்தது; எழுந்து யன்னலைத் திறந்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.