தோள் ஏறாத ஸ்கூட்டர்

1. லைசன் வேண்டாத வண்டி

புத்தளத்தில் என் சைக்கிள் கடையில் ஸ்டண்ட் ஸ்கூட்டர் தொங்கவிட்ட முதல் நாளே ஒருவர் வந்து கேட்டார்: "நானா, இதுக்கு பெற்றோல் எங்க ஊத்துற?"

காலால் உந்தி ஓடுவது என்றேன்.

"அப்ப லைசன் தேவல்ல. எனக்கும் ஒண்டு தாங்களேன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பார்க்க ஒன்றுமில்லாத சாமான் அது. கால் வைக்க ஒரு பலகை, அதை டெக் என்போம். அடியில் இரண்டு சின்னச் சில்லு. பிடித்துக்கொள்ள T வடிவில் ஒரு குழாய், அதுதான் பார். இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை சீமெந்துச் சரிவிலிருந்து எழும்பும்போது, களப்புக் காற்று அவளை ஒரு கணம் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து சைக்கிள்கள் எனக்குக் கொஞ்சம் தூங்கி வழிபவையாகத் தெரிகின்றன.

2. பெருநாள் உடுப்புக் கணக்கு

பள்ளிவாசல்துறையிலிருந்து மர்ஜானா என்றொரு பெண் மகளோடு வந்தார். வீட்டிலே தையல் வேலை. நோன்பு மாதம் முழுக்க ஊராருக்குப் பெருநாள் உடுப்புத் தைப்பவர். மகள் ஸஹ்லாவுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். மாமி மகனின் ஸ்கூட்டரை இரவல் வாங்கி ஓடி, இரண்டு முறை விழுந்து, மணிக்கட்டில் போட்ட கட்டை அப்போதுதான் அவிழ்த்திருந்தாள்.

"நானா, ஒண்டுதான் வாங்குவன்" என்றார் மர்ஜானா. "இதிலயும் விழுந்தாளெண்டா ஸ்கூட்டர் கதையே இனி இல்ல. இவள்ட வாப்பா கட்டார்ல இருந்து அப்பிடித்தான் சொல்லி அனுமதி தந்த."

ஸஹ்லா கட்டு அவிழ்த்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாய் கடையைச் சுற்றிப் பார்த்து, ஆக உயரமானதைத் தொட்டார். "இது நல்லம். வளர்ற புள்ள."

இந்தக் கரையில் இந்தச் சொல்லைக் கேட்காமல் நான் ஒரு ஸ்கூட்டர்கூட விற்றதில்லை. பெருநாள் உடுப்பை இரண்டு விரல் பெரிதாகத் தைத்து உள்ளே மடித்து வைப்போம். சப்பாத்து முனையில் பஞ்சு வைப்போம். அடுத்த பெருநாளுக்கும் அது வர வேண்டும். உடுப்புக்குச் சரியான கணக்குத்தான்.

"தங்கச்சி, இத வளர்த்திக்கு எடுக்கேலா. இண்டைக்கு இரிக்கிற உடம்புக்குத்தான் எடுக்கணும்."

"அப்ப வார வருஷம்?"

"பார் குட்டையாப் போனா பார மட்டும் மாத்தலாம்."

"அப்ப உங்களுக்கு வருஷா வருஷம் பெருநாள்தான்."

"ஓட விட்டுப் பாருங்க" என்றேன்.

3. சோக்குக் கோடு

கடைக்குப் பின்னால் சீமெந்து முற்றம். ஓரத்தில் ஒரு சின்னச் சரிவு கட்டி வைத்திருக்கிறேன். ஸஹ்லா பெரியதில் ஏறி ஒரு சுற்று வந்தாள். வழக்கம்போல நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மர்ஜானா பார்த்தது வேறிடம்.

"நிப்பாட்டு. தோள் ஏறுது."

எனக்கு விளங்கவில்லை. மகளின் சட்டையில் கை பொருத்திய தையலைத் தொட்டுக் காட்டினார். "இது தோள் எலும்பில கிடக்கணும். அந்தப் பாரப் பிடிச்சா காதுக்கிட்டப் போகுது. கை ஓஞ்சிரும் நானா. மச்சான்ட ஸ்கூட்டரும் இந்த உயரம்தானே, ஸஹ்லா?"

"ஓம், உம்மா."

நான் நீளம் குறைந்த, பாரம் குறைந்த டெக் உள்ள ஒன்றை இறக்கினேன். சின்ன ஆளுக்குப் பெரிய டெக் கொடுத்தால் அது காற்றில் சுழலாது, ஆளைத்தான் இழுக்கும். அதிலும் பார் இவளுக்கு உயரம். இடுப்பு எலும்பளவுக்கு வெட்ட வேண்டும். நான் இரும்பு வெட்டும் ஹெக்ஸோவை எடுத்ததும் பலர் நெஞ்சைப் பிடிப்பார்கள், புதுச் சாமானாயிற்றே. மர்ஜானா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

"செருப்போட நிக்காத. ஓடுற சப்பாத்தப் போட்டுட்டு டெக்கில ஏறு" என்று மகளை நிறுத்தி இடுப்புயரம் அளந்தார். தோளகலம் அளந்து பாரின் அகலத்தோடு ஒப்பிட்டார். பிறகு பாரின் அடியில் சோக்கால் கோடு போட்டார், நான் நினைத்ததிலும் கீழே.

"அது காணாது, தங்கச்சி. இன்னும் வெட்டணும்."

"காணாதுதான். வெட்டினத ஒட்டேலாதே. கொஞ்சம் விட்டு வெட்டுங்க, போட்டுப் பாத்துட்டு மிச்சத்தக் குறைப்பம்."

இத்தனை காலம் ஒரே வெட்டில் முடிக்கிற என் கை, அன்று ஒரு முறை வெட்டி, அரம் போட்டு, பூட்டி, ஓட விட்டு, மறுபடி கழற்றி வெட்டியது. கடைசிச் சுற்றில் அந்தத் தையல் தோள் எலும்பின் மேல் அசையாமல் கிடந்தது. பிள்ளையின் முழங்கைகள் இளகியிருந்தன. முதல் தடவையாக அவள் முகம் நிமிர்ந்து முன்னால் பார்த்தது.

4. விழுந்தது

நாங்கள் சொல்லாமலே அவள் சரிவுக்குப் போனாள். உந்தி, எழும்பி, டெக்கைக் காலால் தட்டிப் பாரைச் சுற்றிச் சுழல விட்டாள். டெயில்விப் என்கிற வித்தை. டெக் முழு வட்டம் வந்தது. ஒரு கால்தான் அதில் இறங்கியது. விழுந்தாள். முழங்கால் தேய்ந்து இரத்தம் கசிந்தது.

எழும்பாமல் தாயைப் பார்த்தாள். நான் ஸ்கூட்டரைத் திருப்பிப் பெட்டிக்குள் வைக்க மனதைத் தயார் செய்துகொண்டேன்.

மர்ஜானா கிட்டப் போய்ச் சப்பாத்து நுனியால் ஸ்கூட்டரை மகள் பக்கம் தள்ளினார்.

"தோள் ஏறல்ல. இது சாமான்ட பிழை இல்ல, பழக்கம் காணாத பிழை. எழும்பு."

"வாப்பா...?"

"வாப்பாவோட நான் கதைக்கிறன்."

இப்போது ஸ்கூட்டர் கேட்டு வருபவர்களிடம் நான் வயதைக் கேட்பதில்லை. ஓடச் சொல்கிறேன், தோளைப் பார்க்கிறேன், கொஞ்சம் விட்டு வெட்டுகிறேன். பெற்றோரிடம் ஒன்று மட்டும் சொல்கிறேன்: எந்த ஸ்கூட்டரிலும் பிள்ளை விழும். பொருந்தாததில் விழுகிற பிள்ளைக்கு ஏன் விழுந்தோம் என்று தெரியாது. பொருந்தியதில் விழுகிற பிள்ளைக்கு அது தெரியும், அடுத்த தடவை அந்த மற்றக் காலை வைக்கும்.